பாதிப் பேர் மட்டும் கண்ணை மூடுங்கள்

அலமாரிச் சாவி இப்போது உங்களிடம் இருக்கிறது. மேல் தட்டில் பதிவேடுகள், நடுவில் பதின்மூன்று பாய்கள், கீழே ஒரு பித்தளை மணி, அதன் பக்கத்தில் ஒரு நெளிந்த அலுமினியத் தூக்குவாளி. மணி எதற்கென்று பயிற்சியிலேயே சொல்லியிருப்பார்கள். தூக்குவாளியைப் பற்றி யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். யாரோ மறந்து வைத்த பாத்திரம் என்று நினைத்து நீங்கள் அதை வெளியே போட்டுவிடக்கூடாதே என்ற கவலையில்தான் எழுத உட்கார்ந்தேன். எனக்குக் கவலைப்பட அவ்வளவு காரணம் போதும். பதினெட்டு வருடம் மற்றவர்களின் கவலைக்கு வைத்தியம் பார்த்த பிறகும் என் விஷயத்தில் பெரிய முன்னேற்றம் இல்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

நீங்கள் மூவரும் வேலைக்குச் சேர்ந்த அன்று என்னிடம் கேட்டது ஒரே கேள்வி. இந்தத் தோட்டத்துப் பெண்கள் பயிற்சிக்கு ஒத்துழைப்பார்களா? ஒத்துழைப்பார்கள். ஆபத்தே அதில்தான். மனநல ஆலோசகரை இங்கே எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். டீச்சர் சொன்னால் தட்டமாட்டார்கள். நீங்கள் தப்பாகச் சொன்னாலும் மரியாதையாகச் செய்துவிட்டு, லயத்து வீடுகளுக்குப் போய்ச் சிரிப்பார்கள். முகத்துக்கு நேரே சொல்ல ஒரு ஆள் கிடைக்கும் வரை உங்களுக்கு எதுவும் தெரியவராது. எனக்குக் கிடைத்தவள் மரிய புஷ்பம்.

சின்னக்கானலில் கொழுந்து எடுக்கும் பன்னிரண்டு பெண்களைத் தோட்ட ஆஸ்பத்திரி டாக்டர் என்னிடம் அனுப்பியிருந்தார். தூக்கமில்லை, படபடப்பு, கழுத்து வலி. எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. பேசிப் பார்த்தால் ஒவ்வொருத்தியும் தன்னைத் தானே தண்டித்துக்கொண்டிருந்தாள். புஷ்பத்தின் மகன் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டான். அவன் போனை எடுக்காத நாளெல்லாம் அவனை அனுப்பிய பாவத்துக்காக அவள் பட்டினி கிடந்தாள். இவர்களுக்கு எட்டு வாரப் பயிற்சி. கண்ணை மூடி மூச்சைக் கவனிப்பது, மனம் ஓடினால் திட்டாமல் திரும்ப அழைத்துவருவது, நாலாவது வாரத்திலிருந்து தன்மீது தானே கருணை காட்டப் பழகுவது.

நல்ல காற்று வேண்டும் என்று காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் மஸ்டர் ஷெட்டுக்குப் பின்னால் இருந்த வெளியைத் தேர்ந்தெடுத்தேன். ஒரு பக்கம் தேயிலை, ஒரு பக்கம் காடு, நடுவில் பனிமஞ்சு இறங்கிக்கொண்டிருந்தது. கண்ணை மூடிக்கொள்ளப் போகிறவர்களுக்குக் காட்சி எதற்கு என்று எனக்குத் தோன்றவில்லை. அவர்களுக்குப் பாய், எனக்கு ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த ஒரு நாற்காலி. மணி அடித்தேன். "மெதுவாகக் கண்களை மூடுங்கள்" என்று என் மென்மையான குரலில் சொல்லி நானும் மூடிக்கொண்டேன். ஐந்து நிமிடம் கழித்துத் திறந்தபோது பன்னிரண்டு பேரும் கண்ணைக் கொட்டக்கொட்டத் திறந்து காட்டோரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏன் யாரும் கண்ணை மூடல?"

புஷ்பம்தான் சொன்னாள். "மூடுனா யாரு பாப்பா, டீச்சர்?"

"வெளியே எதையும் பாக்க வேண்டாம். உள்ளே பாருங்க."

"உள்ள பாக்கோம். வெளிய வார ஆனைய யாரு பாப்பா?"

நான் புத்தகத்தில் உள்ளதைச் சொன்னேன். "இந்த நிமிஷம் இங்கே யானை இல்லை. யானைங்கிறது இப்போ உங்க மனசுல ஒரு எண்ணம். எண்ணம் வரட்டும், போகட்டும்."

"போன வாரம் அந்த எண்ணந்தான் டீச்சர் எங்க அடுக்களச் சுவத்தத் தள்ளிட்டு, அரிசியத் தின்னுட்டுப் போயிருக்கு" என்றாள் புஷ்பம். சிரிக்காமல் சொன்னாள்.

வழியையும் அவர்களே கண்டுபிடித்தார்கள். காட்டோரம் கொழுந்து எடுக்கும் நாட்களில் ஒருத்தி எடுக்காமல் நின்று பார்த்துக்கொண்டே இருப்பது அவர்கள் வழக்கம். அதையே இங்கே வைத்தார்கள். ஆறு பேர் தேயிலையைப் பார்த்து உட்கார்ந்து கண்ணை மூடுவது. ஆறு பேர் அவர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து காட்டைப் பார்ப்பது. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை மாறிக்கொள்வது. அவர்களில் செல்லக்கனி என்பவள் தன் கஞ்சித் தூக்குவாளியையும் ஒரு கரண்டியையும் மடியில் வைத்துக்கொண்டாள். இரண்டு தட்டுத் தட்டினால் எல்லோரும் எழுந்து ஷெட்டுக்கு ஓட வேண்டும்.

எனக்குப் பெரிய அவமானமாக இருந்தது. இந்த வேலையை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் பாலக்காட்டில், கல்பாத்தியில் இருந்தார். பெயரை எழுதினால் கோபித்துக்கொள்வார். கோபத்தைக் கையாள்வது பற்றி அவர் எடுக்கும் வகுப்பு மிகவும் பிரசித்தம். போனில் விஷயத்தைச் சொன்னேன்.

"பாதிப் பேர் மூடிண்டு, பாதிப் பேர் முழிச்சுண்டா? இது பயிற்சியா, பட்டாளமா?" என்றார். கொஞ்சம் யோசித்து, "சரி, அந்த ஸ்த்ரீகள் தூங்கறாளோ?" என்று கேட்டார்.

"புஷ்பம் நேத்து உட்கார்ந்தபடியே குறட்டை விட்டுட்டா சார்."

"அப்படீன்னா நீங்க ஒண்ணும் திருத்த வேண்டாம். அப்படியே விட்டுடுங்கோ."

விட்டுவிட்டேன். ஆனால் பாடம் படித்தேன் என்று சொல்லமாட்டேன். நாலாவது வாரமே அடுத்த தப்பைச் செய்தேன்.

அந்த வாரத்துப் பாடம் தன்மீது கருணை. "கருணை ஆண்டவர் தாரது டீச்சர். நாமளே எடுத்துக்கிட்டா எப்பிடி?" என்று செல்லக்கனி கேட்டதைச் சமாளித்துவிட்டேன். பிறகு எல்லோரும் கொடுக்கும் பயிற்சியைக் கொடுத்தேன். உன் தோழி கஷ்டத்தில் இருக்கிறாள், தன்னையே குறை சொல்லிக்கொள்கிறாள். அவளிடம் நீ எப்படிப் பேசுவாய்? அப்படியே உன்னிடமும் பேசிப் பழகு. புஷ்பத்தைத் தோழியாக உட்கார வைத்து, செல்லக்கனியைப் பேசச் சொன்னேன்.

செல்லக்கனி தயங்கவே இல்லை. "ஏட்டி மூதேவி, அவன் போனு எடுக்கலன்னா நீ ஏன் கஞ்சி குடிக்காமக் கெடக்க? மிசினு சத்தத்துல ஒன் போனு அவனுக்குக் கேக்குமாக்கும். ஒன் மூஞ்சியப் பாரு, ஊறப்போட்ட புளி மாதிரி. எந்திச்சுக் கழுவிட்டு வா சனியனே, ரெண்டு பேரும் சேந்து குடிப்போம்."

எனக்கு உடம்பு கூசிவிட்டது. எழுந்து சார்ட்டில் பெரிய எழுத்தில் எழுதிக் காட்டினேன்: "அன்பே, நீ தனியாக இல்லை. இந்த வேதனை எல்லோருக்கும் வரும். உன்னிடம் நீ மென்மையாக இரு." புஷ்பம் அதை உரக்க வாசித்தாள். பன்னிரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"என்ன சிரிப்பு?"

"எங்ககிட்ட யாராச்சும் இப்பிடிப் பேசுனா, சாவுச் சேதி கொண்டாந்திருக்காவன்னு அர்த்தம், டீச்சர்" என்றாள் புஷ்பம்.

அன்று மாலை பதிவேட்டில் "குழுவினர் கருணையை எதிர்க்கிறார்கள்" என்று மூன்று பக்கம் எழுதினேன். அந்தப் பக்கங்களைக் கிழிக்கவில்லை. படித்துப் பாருங்கள், நல்ல கையெழுத்து.

இனி தூக்குவாளி நெளிந்த கதை.

என் மகள் ஷைனி அப்போது பாலக்காட்டில் நர்சிங் இரண்டாம் வருடம், ஹாஸ்டல். நாங்கள் சின்னக்கானலைத் தாண்டி சாந்தன்பாறையில் இருந்தோம். அவள் அப்பா ஏலத்தோட்டத்தில் கணக்கு எழுதும் ரைட்டர். மழையைப் பற்றி மட்டும் கவலைப்படுவார். மற்றதற்கெல்லாம் கவலைப்படுவது வீட்டில் என் இலாகா. தினமும் காலை ஏழு மணிக்குள் ஷைனி ஒரு செய்தி அனுப்ப வேண்டும் என்று ஏற்பாடு. ஏழு ஐந்து ஆனால் நான் கூப்பிடுவேன்.

தூக்குவாளி நெளிந்த சனிக்கிழமைக்கு முந்தின நாள் தேர்வு முடிவு வந்திருந்தது. "சைட் ஓபன் ஆகலம்மா" என்று சொல்லி ஷைனி போனை வைத்துவிட்டாள். காலையில் செய்தி இல்லை. கூப்பிட்டால், போன் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று ஒரு பெண் மலையாளத்தில் நிதானமாகச் சொன்னாள். பத்து மணிக்குள் அந்தப் பெண்ணிடம் முப்பது முறையாவது கேட்டிருப்பேன். ஹாஸ்டல் போனை யாரும் எடுக்கவில்லை. வேறு வழியில்லாமல் கல்பாத்திக்காரரைக் கூப்பிட்டேன். "நான் இப்பவே போய்ப் பாத்துட்டு வரேன், நீங்க பதட்டப்படாதேங்கோ" என்று பதட்டமாகச் சொல்லிவிட்டுப் போனார்.

ஒரு மணி வாக்கில் போனில் அவர் குரல் கேட்டது, மூச்சு வாங்கியது. "அந்த வார்டன் என்னை யாருன்னு கேக்கறா. குட்டிக்கு நீ என்ன உறவுன்னு கேக்கறா. நான் என்னன்னு சொல்லுவேன்? கொஞ்சம் மூச்சைக் கவனிச்சுண்டு பேசுங்கோன்னேன். செக்யூரிட்டியைக் கூப்பிட்டுட்டா. நானும் விடலை, நாலு வார்த்தை கேட்டுட்டேன். கேட்டேளா, கொழந்தை கார்த்தால ஆறு மணிக்குப் பையை எடுத்துண்டு போயிருக்கா. நோட்டுல எங்கேன்னு கேக்கற எடத்துல வீடுன்னு எழுதிருக்கா."

வீட்டுக்கு வருகிறவள் ஏன் போனை அணைக்க வேண்டும்? நம் தொழிலில் இருப்பவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு சாபம் உண்டு. மற்ற தாய்மார்களுக்குப் பயம் மட்டும்தான் வரும். நமக்குப் பழைய கேஸ் கட்டுகள் எல்லாம் பக்க எண்ணோடு வரும்.

ஒன்றரை மணிக்கு வகுப்பு. அரை நாள் வேலை முடித்து பன்னிரண்டு பேரும் காத்திருந்தார்கள். இங்கே நான் செய்ததை நீங்கள் செய்யாதீர்கள். வகுப்பை ரத்து செய்திருக்க வேண்டும். அல்லது உள்ளதைச் சொல்லியிருக்க வேண்டும். நான் இரண்டையும் செய்யவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, போனைச் சேலை மடிப்பில் ஒளித்து, மணி அடித்து, அந்த மென்மையான குரலை எடுத்து மாட்டிக்கொண்டேன். "உள்ளே வரும் மூச்சை... கவனியுங்கள்..."

காவல் வரிசையில் புஷ்பம் காட்டைப் பார்க்காமல் திரும்பி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டீச்சர், நீங்க மூச்சு விடவே இல்ல."

"விடுறேன், புஷ்பம்."

"இல்ல. ரொம்ப நேரமாப் பாக்கேன்."

சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும் ஒரே மூச்சில். கண்ணை மூடியிருந்த ஆறு பேரும் திறந்துவிட்டார்கள்.

"ஆறு மணிக்குக் கெளம்புனாளா? அப்பம் மறையூர் காட்டுல இருப்பா. அங்க டவரு கெடையாதுல்லா" என்றாள் செல்லக்கனி.

"டவர் இல்லேன்னா வேற மாதிரி சொல்லும். இது ஆஃப் பண்ணி வச்சிருக்கு."

"எல்லாத்தையும் ஒரே பொம்பளதான சொல்லுதா. அவளுக்கு என்ன தெரியும்?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. "ஊருக்கெல்லாம் சொல்றேன். என் பிள்ளைக்கு என்ன ஆச்சுன்னு எனக்குத் தெரியலையே. நான் என்ன தாய், நான் என்ன கவுன்சிலர்..."

"ஏட்டி டீச்சர்" என்றாள் புஷ்பம். அந்த இரண்டு சொற்களும் சேர்ந்து நான் அதுவரை கேட்டதில்லை. "மூதேவி மாதிரி பொலம்பாத. ஒன்னைய ஆரு இப்பம் பரிச்சைக்கு ஒக்கார வச்சா? புள்ள போனு எடுக்கலன்னா பெத்தவளுக்கு வயிறு எரியத்தான் செய்யும், எனக்கு எரியல? அந்த நாக்காலிய விட்டுக் கீழ எறங்கு. போனு இங்க குடு. நாங்க ஆனையவும் பாப்போம், போனையும் பாப்போம். நீ கண்ண மூடு."

இறங்கினேன். புஷ்பம் தன் பாயைத் தள்ளினாள். போன் செல்லக்கனியின் மடிக்குப் போனது, தூக்குவாளிக்குப் பக்கத்தில். நான் தேயிலையைப் பார்த்து உட்கார்ந்து கண்ணை மூடினேன்.

அதுவரை நூற்றுக்கணக்கான பேருக்குச் சொல்லிக்கொடுத்ததை அன்றுதான் நான் செய்தேன். மனம் மறையூர் சாலை வளைவுக்கு ஓடியது. அங்கிருந்து கேஸ் கட்டுக்கு ஓடியது. புத்தகத்து வாக்கியத்தைச் சொல்லிக் கூப்பிட்டேன். வரவில்லை. "ஏட்டி மூதேவி, இங்க வா" என்றேன், உள்ளேயேதான். வந்தது. "பயமா இருக்கா, இருக்கட்டும். பயப்படுறதுக்கு ஒன்னைய யாரும் அடிக்க மாட்டாங்க. ஒக்காரு." உட்கார்ந்தது. எட்டு மூச்சோ ஒன்பது மூச்சோ, என் மகள் எங்கே என்று தெரியாமலே, என்னை நான் திட்டாமல் இருந்தேன். கொஞ்சியபடி திட்டியது கணக்கில் வராது.

டங், டங்.

யார் முதலில் எழுந்தது என்று கேட்காதீர்கள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஷெட்டுக்குள் முதலில் நுழைந்தது நான்தான். பின்னாலேயே பாய்களை மிதித்துக்கொண்டு பதினொரு பேர். உள்ளே வந்து எண்ணிப் பார்த்தால் செல்லக்கனியைக் காணவில்லை. ஷெட்டின் அரைச்சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்தோம். அவள் அதே இடத்தில் நின்று கரண்டியால் இன்னும் தட்டிக்கொண்டிருந்தாள். சாலை ஓரத்தில், தோளில் பையோடு, என் மகள் நின்றுகொண்டிருந்தாள்; சனிக்கிழமை எனக்கு இங்கே வகுப்பு என்று தெரிந்து வீட்டுக்குப் போகும் வழியிலேயே இறங்கியிருக்கிறாள்.

"அம்மா" என்றாள். "என்னைப் பாத்து ஏம்மா எல்லாரும் ஓடுறீங்க?"

"ஏட்டி செல்லக்கனி, ஆனைன்னுல்லா ஓடியாந்தோம்" என்று புஷ்பம் கத்தினாள்.

"நாம வேற சத்தம் வைக்கலியே" என்றாள் செல்லக்கனி. "நல்ல சேதிக்கு எப்பிடித் தட்டணும்னு யாரு சொன்னா?"

பெண்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஷைனி சிரிக்கவில்லை.

ஷெட்டிலிருந்து அவளிடம் போக முப்பதடி இருக்கும். நம் வேலையில் எல்லாமே இந்த முப்பதடிக்குள்தான். என் வாயில் இரண்டு வாக்கியங்கள் தயாராக இருந்தன. ஒன்று தாயுடையது: எத்தனை தடவை கூப்பிட்டேன் தெரியுமா? இன்னொன்று தொழிலுடையது. பெரிய பக்குவம் வந்துவிட்டதாக நினைத்து இரண்டாவதை எடுத்தேன்.

"ஷைனி... இப்போ நீ பத்திரமா இருக்கே. முதல்ல மெதுவா ஒரு மூச்சு..."

கதவைச் சாத்தியதுபோல அவள் முகம் மூடிக்கொண்டது.

"இதுக்குத்தாம்மா போனை ஆஃப் பண்ணேன்."

"எதுக்கு?"

"இந்தக் குரலுக்கு. நீங்க கத்தினாக்கூடப் பரவால்ல. இப்படி மெதுவாப் பேசினா எனக்கு ஏதோ தீராத வியாதி வந்த மாதிரி இருக்கு." மூக்கை உறிஞ்சினாள். "ரெண்டு பேப்பர் போச்சும்மா."

அப்போதுதான் சார்ட்டில் எழுதியதை வாசித்துவிட்டு புஷ்பம் சொன்னது எனக்கு விளங்கியது. சாவுச் சேதிக் குரல். என் பிள்ளைக்கு நான் இத்தனை வருடமாக அந்தக் குரலில்தான் காலை வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் புஷ்பம் தொண்டையைச் செருமினாள்.

"ஏட்டி மூதேவி" என்றேன். குரல் உடைந்து, பாதி கத்தலாகத்தான் வந்தது. "ரெண்டு பேப்பர்தானே போச்சு? அதுகூட போனையும் ஏன் சேத்துப் போக்கின? உன்னைத் தேடப் போய் ஒரு பெரிய மனுஷர் பாலக்காட்டுல செக்யூரிட்டிகிட்ட மாட்டிக்கிட்டாரு. நான் செத்துப் பிழைச்சிருக்கேன். எட்டு மணி நேரம் பட்டினியாவா வந்த, சனியனே?"

ஷைனி பிறந்ததிலிருந்து நான் இந்தச் சொற்களைச் சொன்னதில்லை.

"உடுமலையில ரெண்டு பஜ்ஜி தின்னேன்" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். பையோடு வந்து என் மேல் மோதினாள்; பையில் இருந்த புத்தகங்கள் என் விலா எலும்பில் பட்ட வலி இரண்டு நாள் இருந்தது.

புஷ்பம் அதோடு விடவில்லை. "டீச்சருக்குப் பத்து நிமிசம் ஆகல. பாதியில ஓடிட்டா" என்று எல்லோரையும் திரும்ப உட்கார வைத்தாள். ஷைனியைக் காவல் வரிசையில் செல்லக்கனிக்குப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். கரண்டி அவள் கைக்குப் போனது. நான் தேயிலையைப் பார்த்து உட்கார்ந்தேன். மூடினேன். உடனே ஒரு கண்ணைத் திறந்து தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்தேன்.

"மூடுங்கம்மா" என்றாள் ஷைனி, காட்டைப் பார்த்தபடியே. "நான் இங்கதான் இருக்கேன்."

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. கல்பாத்தியிலிருந்து. ஷைனி எடுத்தாள். அவர் அங்கிருந்து கத்தியது எங்கள் எல்லோருக்கும் கேட்டது. ஷைனி கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "சார், நான்தான் பேசுறேன். வந்து சேந்துட்டேன். நீங்க முதல்ல மூச்சு விடுங்க" என்றாள்.

அடுத்த தேர்வில் அவள் ஒரு பேப்பரைத் தேறினாள். மற்றதை அதற்கும் அடுத்த முறை. இப்போது அவளும் வேலைக்குப் போகிறாள். நான் தேறினேன் என்று சொல்லத் துணிய மாட்டேன். அந்த மலையாளக் குரலை யாருடைய போனில் கேட்டாலும் இன்றும் ஷைனியைக் கூப்பிட்டுவிடுகிறேன். இதை எழுதும்போதே மூன்று முறை போனைப் பார்த்துவிட்டேன். பார்க்கும்போது, "ஏட்டி, மறுபடியுமா?" என்று என்னைக் கேட்டுக்கொள்கிறேன். அவ்வளவுதான் வித்தியாசம். அது சின்ன வித்தியாசம் இல்லை என்பது உங்களுக்கும் ஒரு நாள் தெரியும்.

செல்லக்கனி அந்தத் தூக்குவாளியை எனக்கே கொடுத்துவிட்டாள். அன்று அவள் தட்டிய தட்டில் அது நெளிந்துபோய் மூடி சேரவில்லை. கண்ணை மூடச் சொல்வதற்கு முன்னால், யார் முழித்திருப்பது என்று அந்தப் பெண்களிடமே கேட்டு முடிவு செய்யுங்கள். நாற்காலியை ஆஸ்பத்திரிக்கே திருப்பிக் கொடுத்துவிட்டேன், தேடாதீர்கள்.

பாய்களை எண்ணும்போது, பன்னிரண்டு பேருக்கு ஏன் பதின்மூன்று என்று குழம்ப வேண்டாம். அந்த ஒன்றை நான் வாங்கவில்லை. அடுத்த வாரம் வகுப்புக்கு வரும்போது புஷ்பம் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து, தன் பாய்க்குப் பக்கத்தில் விரித்துப் போட்டாள். அது உங்களுக்கு.